டேப்பை எங்கே வைப்பது? மினியேச்சர் போர் விளையாட்டுகளில் நகர்வும் பேஸ் அளவும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மேசைமேல் மினியேச்சர் வைத்து ஆடும் போர் விளையாட்டுகளுக்குப் புதிதாக வருபவர்கள் விதிப்புத்தகத்தைப் பார்த்துக் குழம்புவதைவிட இன்ச் டேப்பைப் பார்த்துக் குழம்புவதே அதிகம். திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களைக் கேட்டவர்களின் வாய்மொழியிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். வேறு பெயர் சொல்லாத இடத்திலெல்லாம் பேச்சு வார்ஹாமர் 40,000 விளையாட்டின் பத்தாம் பதிப்பைப் (2023) பற்றியது. அதைத்தான் சுருக்கமாக 40கே என்கிறேன்.

பேஸ்னா பொம்மை விழாம நிக்கறதுக்கு வைக்கற வட்டம்தானே? அதுக்கு ஏன் இவ்வளவு பேச்சு?

விழாமல் நிற்கத்தான் வந்தது. ஆனால் இன்று பெரும்பாலான விளையாட்டுகளில் அந்த வட்டம்தான் வீரன். மேலே நிற்கும் பொம்மை அவன் யார், கையில் என்ன வைத்திருக்கிறான் என்று நமக்குக் காட்டுகிறது, அவ்வளவே. மேசையில் அவனுக்குச் சொந்தமான இடம் பேஸ் அடைத்துக்கொள்ளும் இடம் மட்டும்.

ஒரே பெட்டியில் வரும் பத்துப் பேரைப் பத்து விதமாக ஒட்டலாம். ஒருவன் ஈட்டியை முன்னால் நீட்டியிருப்பான், இன்னொருவன் பாறைமேல் ஒரு காலை வைத்திருப்பான். பொம்மையை வைத்து அளந்தால் ஈட்டி நீட்டியவன் இரண்டு இன்ச் முன்னாலேயே சண்டைக்கு வந்துவிடுவான். பேஸ் பத்தும் ஒரே அளவு என்பதால் அந்த வம்பு கிடையாது.

அப்ப எங்கேருந்து எங்க வரைக்கும் அளக்கணும்? வாள் நுனியா, காலா?

இரண்டும் இல்லை. என் பேஸின் விளிம்பில் எதிராளிக்கு மிக நெருக்கமான புள்ளியிலிருந்து, அவர் பேஸின் விளிம்பில் எனக்கு மிக நெருக்கமான புள்ளிவரை. நடுவிலிருந்து நடு அல்ல. இறக்கை, வால், கொடி, ஆன்டெனா எதுவும் தூரக் கணக்கில் வராது.

எல்லா விளையாட்டும் எப்போதும் இப்படி இருந்ததில்லை. 2015-இல் ஏஜ் ஆஃப் சிக்மர் நான்கே பக்க விதிகளோடு வந்தபோது, பேஸை ஒதுக்கிவிட்டுப் பொம்மையிலிருந்து பொம்மைக்கு அளக்கச் சொன்னது. அதைப் பின்பற்றினால் பக்கத்துப் பொம்மையின் பேஸ்மேல் தன் பேஸை ஏற்றி வைத்தாலும் தப்பில்லை. மணிக்கணக்காக உட்கார்ந்து பெயின்ட் அடித்தவருக்கு வயிறு எரியுமா எரியாதா? 2018-இன் இரண்டாம் பதிப்பில் பேஸ் அளவே திரும்பி வந்தது. நல்ல காரியம்.

6 இன்ச் மூவ் இருக்கு. டேப்பை முன்னாடி வைக்கறதா, பின்னாடி வைக்கறதா?

எங்கே வைத்தாலும் சரி, இரண்டு முனையிலும் ஒரே புள்ளியாக இருக்க வேண்டும். கிளம்பும்போது பேஸின் முன்விளிம்பில் வைத்தால், போய்ச் சேரும் இடத்திலும் முன்விளிம்புதான் 6-ஐத் தொட வேண்டும். பின்விளிம்பு என்றால் இரண்டிலும் பின்விளிம்பு.

அதிகம் நடக்கும் தப்பு இதுதான்: டேப்பை முன்விளிம்பில் வைத்து, 6 என்ற கோட்டைத் தாண்டிப் பொம்மையை மொத்தமாக வைப்பது. பேஸின் விட்டம் முழுவதும் இலவசமாகக் கிடைத்துவிடுகிறது. 32 மி.மீ. பேஸ் என்றால் 1.26 இன்ச், அதாவது 6 இன்ச் நடையில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல். 60 மி.மீ. பேஸ் என்றால் 2.36 இன்ச். பெரும்பாலும் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை, ஒரு கையில் டேப்பும் மறு கையில் பொம்மையும் இருக்கும்போது கை தானாகவே அப்படிப் போய்விடும். பொம்மையை எடுப்பதற்கு முன் டேப்பை அது போகும் திசையில் பக்கத்திலேயே கிடத்தி, பொம்மையை டேப்பை ஒட்டி நகர்த்தினால் இந்தத் தப்பு வராது.

32 மி.மீ.னு வாங்கினேன், மேல ஸ்கேல் வெச்சா குறைவா காட்டுது. டூப்ளிகேட்டா?

டூப்ளிகேட் இல்லை. வார்ஹாமர் விளையாட்டுகளை வெளியிடும் நிறுவனமான கேம்ஸ் வொர்க்‌ஷாப் பேஸ்களின் விளிம்பு சரிவாக இருக்கும்; மேல்பக்கம் சிறியது, அடிப்பக்கம் பெரியது. சொல்லப்படும் அளவு அடிப்பக்கத்தினுடையது. கவிழ்த்து வைத்து அளந்து பாருங்கள். ஆட்டத்தில் தூரம் பார்க்கும்போதும் மேசையைத் தொடும் அந்த அகலமான விளிம்புதான் கணக்கு.

ரூல் புக்ல எல்லாம் இன்ச், பேஸ் மட்டும் மில்லிமீட்டர். ஏன்?

இங்கிலாந்துப் பொழுதுபோக்கு, அவ்வளவுதான். எழுத்தாளர் ஹெச்.ஜி. வெல்ஸ் 1913-இல் பொம்மைப் போருக்கு விதிகள் எழுதியபோது காலாட்படைக்கு ஒரு அடி நடை, குதிரைப்படைக்கு இரண்டு அடி என்று வைத்தார். அந்த அடியும் இன்ச்சும் அப்படியே தங்கிவிட்டன. பொம்மையும் பேஸும் மட்டும் மில்லிமீட்டருக்கு மாறிவிட்டன.

மனதில் வைத்துக்கொள்ள வேண்டிய மாற்று இது: 25 மி.மீ. என்பது 0.98 இன்ச், 32 என்பது 1.26, 40 என்பது 1.57. முதல் எண்ணை மட்டும் மறக்காதீர்கள். 25 மி.மீ. பேஸ் ஒரு இன்ச்சைவிட மயிரிழை சிறியது. அதனால் முன்வரிசைக்காரன் எதிரி பேஸைத் தொட்டு நின்றால், அவனுக்கு நேர் பின்னால் ஒட்டி நிற்பவனும் எதிரியிலிருந்து ஒரு இன்ச்சுக்குள் இருக்கிறான். 40கே-யில் அந்த ஒரு இன்ச்தான் கைச்சண்டை எல்லை. 32 மி.மீ. பேஸ்காரனுக்கு இது கிடைக்காது. அவன் சண்டையில் கலந்துகொள்ள வேண்டுமானால், எதிரியைத் தொட்டு நிற்கும் தன் ஆளை அவன் தொட்டு நிற்க வேண்டும் என்ற தனி விதி உதவிக்கு வர வேண்டும்.

டேப் வாங்கவா, ஸ்கேல் வாங்கவா?

இரண்டும். நீளத் தூரத்துக்கு ஆசாரி வைத்திருக்கும் இரும்பு டேப் போதும், இன்ச் குறியுள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். தையற்காரர் டேப் வளைந்து நெளியும், வேண்டாம். 1, 2, 3 இன்ச் போன்ற சின்ன இடைவெளிகளுக்குக் கெட்டி அட்டையிலோ அக்ரிலிக்கிலோ துண்டு வெட்டி வைத்துக்கொண்டால் பொம்மைகளுக்கு நடுவே நுழைத்துப் பார்க்கலாம். இரும்பு டேப்பை அங்கே நுழைத்தால் நான்கு பேர் விழுவார்கள்.

டேப்பைப் பொம்மைகளின் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு கீழே குனிந்து பார்க்காதீர்கள். நிற்கும் பக்கத்தைப் பொறுத்து அரை இன்ச் கூடவோ குறையவோ தெரியும். சந்தேகமான தூரத்தை எதிராளியையும் கூப்பிட்டுக் காட்டி, மேசை மட்டத்தில் அளவெடுங்கள்.

நகர்த்தறதுக்கு முன்னாடியே அளந்து பார்க்கலாமா? போங்காட்டம் மாதிரி இருக்கே?

40கே-யில் எப்போது வேண்டுமானாலும், எதை வேண்டுமானாலும் அளக்கலாம். முன்பு கூடாது. இன்னொரு விளையாட்டான வார்ஹாமர் ஃபேன்டஸியில் 2010-இன் எட்டாம் பதிப்பும், 40கே-யில் 2012-இன் ஆறாம் பதிப்பும்தான் முன்கூட்டி அளப்பதை அனுமதித்தன. அதற்கு முன்பு ஃபேன்டஸியில் பீரங்கி சுடுபவர் இத்தனை இன்ச் என்று ஊகித்து வாயால் சொல்ல வேண்டும், பிறகுதான் டேப் வெளியே வரும். கண்ணளவு நன்றாக உள்ளவர்களுக்கு அது கொண்டாட்டம். தச்சு வேலை தெரிந்தவரிடம் தோற்பதில் என்ன போர்த்தந்திரம் இருக்கிறது என்பது என் கட்சி.

இன்றும் முன்னளவைத் தடுக்கும் விளையாட்டுகள் உண்டு. ஆரம்பிக்கும் முன் கேட்டுவிடுங்கள். அனுமதி இருக்கும் இடத்தில் அளந்ததோடு நிறுத்தாமல் சொல்லவும் செய்யுங்கள்: “இவர்களை உங்கள் டேங்கிலிருந்து 12 இன்ச்சுக்கு வெளியே நிறுத்துகிறேன், சரியா?” எதிராளி தலையாட்டிவிட்டால், அடுத்த சுற்றில் 11.9 என்று டேப் காட்டினாலும் தகராறு வராது.

‘3 இன்ச்சுக்குள்’னா பேஸ் முழுக்க உள்ள இருக்கணுமா?

வேண்டாம். விளிம்பு பட்டால் போதும். முழுவதும் இருக்க வேண்டுமென்றால் விதியே “முழுமையாக உள்ளே” என்று தனியாகச் சொல்லும். அந்த ஒரு சொல்லைக் கவனிக்காமல் விடுவதால் வரும் சண்டைகள் ஏராளம். பெரிய பேஸ்காரருக்கு முதலாவது லாபம், இரண்டாவது நஷ்டம்.

குறிக்கோள் வட்டுக்கும் (பிடித்தால் புள்ளி தரும் இடத்தின் அடையாளம்) இதே கணக்குதான். 40கே-யில் அது 40 மி.மீ. வட்டம், அதன் விளிம்பிலிருந்து 3 இன்ச். ஆக மொத்தம் ஏழரை இன்ச்சுக்குச் சற்று மேல் விட்டமுள்ள வட்டத்தை உங்கள் பேஸ் தொட்டால் நீங்கள் அதன் எல்லைக்குள் இருக்கிறீர்கள். நடுவிலிருந்து 3 இன்ச் அளப்பவர்கள் முக்கால் இன்ச்சை வீணாக விட்டுக்கொடுக்கிறார்கள்.

வளைஞ்சு போனா எப்படி அளக்கறது? சுவர், கன்டெய்னர் மேல ஏறினா?

போன வழி முழுவதையும் அளக்க வேண்டும், கிளம்பிய இடத்துக்கும் சேர்ந்த இடத்துக்கும் நேர்கோடு போடக்கூடாது. வளைவை இரண்டு மூன்று நேர்த்துண்டுகளாக உடைத்துக் கூட்டினால் போதும். வழியில் பேஸ் நுழையும் அளவுக்கு இடைவெளியும் வேண்டும். இரண்டு எதிரிகளுக்கு நடுவே சாதாரண நடையில் 32 மி.மீ. பேஸ் புகுந்து போக, இரண்டு பக்கமும் ஒரு இன்ச்சுக்கு மேல் விலகியிருக்க வேண்டும். 1, 1.26, 1 எல்லாம் கூட்டினால் 3.26. அதற்குக் கொஞ்சமாவது மேலே இருந்தால்தான் வழி.

உயரத்தில் 2 இன்ச்வரை உள்ள தடையை இல்லாததுபோலத் தாண்டலாம். அதற்கு மேல் என்றால் ஏறுவதும் இறங்குவதும் கணக்கில் சேரும். 3 இன்ச் உயர கன்டெய்னர்மேல் ஏறினால் 6 இன்ச் நடையில் பாதி தீர்ந்தது, மிச்சம் 3-ஐ மேலே நடக்கலாம். பாதி ஏறிய நிலையில் தொங்கிக்கொண்டு நடையை முடிக்க முடியாது. பறக்கும் படைக்கு மட்டும் சலுகை: காற்றில் சாய்வாக நேர்கோடு பிடித்து அளக்கலாம்.

யூனிட்டை எவ்வளவு தூரம் நீட்டி நிறுத்தலாம்?

யூனிட் என்பது சேர்ந்தே நகரும் ஒரு குழு. அதில் ஒவ்வொருவரும் தன் ஆள் ஒருவரிடமிருந்து கிடைமட்டமாக 2 இன்ச்சுக்குள் இருக்க வேண்டும், உயரத்தில் 5 வரை. ஐந்து பேர், 32 மி.மீ. பேஸ் என்றால் நேர்வரிசையில் 14.3 இன்ச் நீளும்: ஐந்து பேஸ் 6.3, நான்கு இடைவெளி 8. அதே ஐந்து பேர் 25 மி.மீ. பேஸில் 12.9 தான்.

ஏழு பேரோ அதற்கு மேலோ ஆனால் ஒவ்வொருவருக்கும் இரண்டு பேர் 2 இன்ச்சுக்குள் வேண்டும். வரிசையின் கடைசி ஆளுக்கு ஒரே பக்கத்தில்தான் ஆள் உண்டு என்பதால் நீட்டிய வரிசை உடைந்துபோகும். அதனால்தான் அனுபவசாலிகளின் வரிசை இரண்டு முனையிலும் முக்கோணமாக முடிந்திருக்கும். முனையில் மூன்று பேர் நெருங்கி நிற்பார்கள், நடுவில் மட்டும் நீட்டல்.

டேங்குக்கு பேஸே இல்லையே, எங்க அளக்கறது?

வண்டியின் உடலிலிருந்து, மிக நெருக்கமான இடத்திலிருந்து. நகர்வுதான் சிக்கல். நீளமான வண்டியைப் பக்கவாட்டில் நிறுத்தி, நின்ற இடத்திலேயே திருப்பினால் மூக்கு இரண்டு மூன்று இன்ச் முன்னால் வந்துவிடும். அந்தத் திருப்பலை நடையில் சேர்க்காமல் விட்டால் இலவசத் தூரம். மூன்றாம் கேள்வியில் சொன்ன அதே ஓட்டைதான், உருவம் வேறு. 2024-இல் இதற்கென்று விதி சேர்த்தார்கள். வட்ட பேஸ் இல்லாத வண்டிகளும் அரக்கர்களும் ஒரு நகர்வில் முதல் முறை திரும்பும்போது 2 இன்ச் கழித்துக்கொள்ள வேண்டும். அதன்பின் அதே நகர்வில் எத்தனை முறை திரும்பினாலும் கூடுதல் கழிவு கிடையாது. வட்ட பேஸில் நிற்கும் காலாள் எப்படித் திரும்பினாலும் அவனுக்கு இடம் மாறாது, அவனிடம் எதையும் கழிப்பதில்லை.

9 இன்ச்சுக்கு வெளிய இறக்கினேன். 1 இன்ச்சுக்குள்ள போனா சண்டைனு சொன்னீங்க. அப்ப சார்ஜுக்கு 8 விழுந்தா போதும்தானே?

போதாது. சார்ஜ் என்பது எதிரிமேல் பாய்வது, இரண்டு டைஸின் கூட்டுத்தொகைதான் பாயும் இன்ச். ஆட்டத்தின் நடுவே வந்து இறங்கும் படை எதிரியிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க வேண்டும் என்பதற்கு விதி சொல்வது “9 இன்ச்சுக்கு மேல்”. 9.01 இல் நிற்கிறீர்கள் என்றால் ஒரு இன்ச்சைக் கழித்து 8.01 நடக்க வேண்டும், டைஸில் 8.01 விழாது. எனவே 9 வேண்டும். இரண்டு டைஸில் 8 அல்லது அதற்கு மேல் விழ 36-இல் 15 வாய்ப்பு. 9 அல்லது மேல் என்றால் 36-இல் 10. அந்த நூலளவு இடைவெளியின் விலை ஐந்து வாய்ப்பு. இறங்குபவரின் பேஸ் 9-ஐத் தொட்டாலே எதிராளி ஆட்சேபிப்பது இதனால்தான். அவரைக் கஞ்சன் என்று நினைக்காதீர்கள்.

என்கிட்ட பழைய ஸ்பேஸ் மரீன்ஸ் எல்லாம் 25 மி.மீ.ல இருக்கு. மாத்தணுமா? பெரிய பேஸ் லாபமா நஷ்டமா?

40கே-யின் ஸ்பேஸ் மரீன் படைவீரர்கள் 2015 வாக்கில் 32 மி.மீ.க்கு மாறினார்கள். வீட்டில் நண்பர்களோடு ஆடுவதற்குப் பழையதையே வைத்துக்கொள்ளலாம். போட்டிக்குப் போவதென்றால் நடத்துபவர்களின் பட்டியலைப் பாருங்கள். பெரும்பாலும் இன்றைய அளவைத்தான் கேட்பார்கள். பொம்மையைப் பெயர்க்க மனமில்லாதவர்களுக்கு 25 மி.மீ. பேஸைச் சுற்றி மாட்டும் வளையங்கள் கிடைக்கின்றன, ஒட்டிவிட்டு ஓரத்துக்குப் பெயின்ட் அடித்தால் முடிந்தது.

லாப நஷ்டம் இரண்டும் உண்டு. பெரிய பேஸ் அதிக இடத்தை மறிக்கும். எதிரி 9 இன்ச்சுக்குள் இறங்க முடியாதபடி ஒரே ஒரு 32 மி.மீ. ஆள் 19.26 இன்ச் விட்டமுள்ள வட்டத்தைக் காக்கிறான், 40 மி.மீ. ஆள் என்றால் அது 19.57. ஆனால் கைச்சண்டையில் நெருங்கி நிற்க முடியாது, குறுகிய சந்தில் நுழைய முடியாது, “முழுமையாக உள்ளே” என்ற விதிகளில் அடிபடும். லாபத்துக்காக அளவை மாற்றுவது எந்தத் திசையில் என்றாலும் அழுகுணி ஆட்டம்தான். அழகுக்காகப் பெரிய பேஸ் வைத்தவரிடம் கேட்டுப் பாருங்கள், ஆடும்போது சரியான அளவுதான் கணக்கு என்று அவரே ஒப்புக்கொள்வார்.

சதுர பேஸ் விளையாட்டுல வரிசையை எப்படித் திருப்பறது?

வார்ஹாமர் தி ஓல்டு வேர்ல்டு (2024) போன்ற அணிவகுப்பு விளையாட்டுகளில் பேஸ் சதுரமாக இருப்பது ஒட்டி ஒட்டி நிறுத்துவதற்காக. திரும்பும்போது ஒரு முன்மூலை நிலையாக நிற்கும், மறுபக்கத்து முன்மூலை சுற்றி வரும். தேர் வீதி முனையில் திரும்பும்போது வெளிப்பக்க வடம் பிடித்தவர்கள் ஓட, உள்பக்கத்தார் நின்ற இடத்திலேயே கால் மாற்றுவார்களே, அதே கதை. அளக்க வேண்டியது வெளி மூலை கடந்த தூரம். யூனிட் மொத்தமும் அவ்வளவு நடந்ததாகவே கணக்கு.

இங்கே பேஸ் அளவு நேரடியாகக் கடிக்கிறது. முன்பு ஃபேன்டஸியில் 20 மி.மீ. சதுரத்தில் நின்ற சாதாரண மனித வீரர்களை ஓல்டு வேர்ல்டு 25-க்கு மாற்றியது, குதிரைவீரர்களை 25க்கு 50-இலிருந்து 30க்கு 60-க்கு. ஐந்து பேர் அகலம் 100 மி.மீ.யாக இருந்தது 125 ஆனது. அப்படியே செங்கோணத்தில் திரும்ப வெளி மூலை வட்டத்தின் கால்பங்கைச் சுற்ற வேண்டும். முன்பு 6.2 இன்ச், இப்போது 7.7. நான்கு இன்ச் நடை உள்ளவர்கள் இரட்டிப்பு வேகத்தில் போனாலும் எட்டுதான், கிட்டத்தட்ட முழுவதும் திரும்புவதிலேயே தீர்ந்துவிடும். ஆறு பேர் அகலமாக நிறுத்தினால் முடியவே முடியாது.

இன்ச்சே இல்லாம ஆடற விளையாட்டு இருக்காமே?

இருக்கிறது. பழங்காலப் போர்களுக்கான டிபிஏ (De Bellis Antiquitatis) 1990-இல் வந்தது. படைக்குப் பன்னிரண்டே துண்டுகள், ஒவ்வொன்றும் பொம்மைகள் ஒட்டிய ஒரு பேஸ். துண்டின் அகலம் 15 மி.மீ. உயரப் பொம்மைகளுக்கு 40 மி.மீ., 25 அல்லது 28 மி.மீ. பொம்மைகளுக்கு 60. ஆழம் மட்டும் படைவகையைப் பொறுத்தது; 15 மி.மீ.யில் யானைக்கு 40 வரை போகும். மூன்றாம் பதிப்பில் நகர்வையே பேஸ் அகலத்தில் அளக்கிறார்கள். அந்த அகலத்துக்கு ஒரு குச்சி வெட்டிக்கொண்டால் டேப்பே வேண்டாம், பொம்மையின் அளவு மாறினாலும் விதி மாறாது. இவ்வளவு சுத்தமான தீர்வை மற்றவர்கள் ஏன் எடுத்துக்கொள்ளவில்லை என்று எனக்கு இன்றும் புரியவில்லை. படைப்பட்டியல்களில் தமிழர் படையும் உண்டு, யானையோடு.

எக்ஸ்-விங்ல பெரிய கப்பல் சின்னக் கப்பலைவிட வேகமா போற மாதிரி இருக்கு. நான் தப்பா வைக்கறேனா?

சரியாகத்தான் வைக்கிறீர்கள். ஸ்டார் வார்ஸ் விண்கப்பல் விளையாட்டான எக்ஸ்-விங்கில் (2012) டேப் கிடையாது, குறிப்பிட்ட நீளத்துக்கு வெட்டிய அட்டை வார்ப்புகள்தான். வார்ப்பைக் கப்பலின் முன்பக்கம் பொருத்தி, கப்பலை எடுத்து வார்ப்பின் மறுமுனையில் அதன் பின்பக்கம் பொருந்தும்படி வைக்க வேண்டும். மூன்றாம் கேள்வியில் தப்பு என்று சொன்னதை இங்கே விதியே செய்யச் சொல்கிறது. வேகம் 1-இன் நேர்வார்ப்பு 40 மி.மீ.; சின்னக் கப்பலின் பேஸும் 40; ஆக அது 80 மி.மீ. முன்னேறும். பெரிய கப்பலின் பேஸ் 80, அது 120 போய்விடும். வடிவமைத்தவர்களுக்கு இது தெரியும். முட்டிக்கொள்ளாமல் திருப்புவதில் பெரிய கப்பலுக்கு இருக்கும் கஷ்டத்தை வைத்துப் பார்த்தால் இது ஒன்றும் அநியாயமில்லை.

28 மி.மீ. ஆளோட துப்பாக்கி 24 இன்ச்தான் சுடுமா? நிஜத்துல அது எவ்வளவு?

28 மி.மீ. பொம்மையைத் தோராயமாக 56-இல் ஒரு பங்கு என்று கொள்வார்கள். 24 இன்ச் அந்தக் கணக்கில் 34 மீட்டர். எதிர்கால உலகின் துப்பாக்கிக்கு இது கேவலம்தான். பொம்மையின் அளவும் தரையின் அளவும் ஒன்றல்ல. தரையையும் 56-இல் ஒரு பங்காக வைத்தால் 300 மீட்டர் சுடும் துப்பாக்கிக்கே ஐந்து மீட்டருக்கு மேல் நீளமான மேசை வேண்டும். 60 இன்ச்சுக்கு 44 இன்ச் மேசையில் ஆட்டம் சுவாரசியமாக நடப்பதற்கான எண்கள் இவை. இதில் இயற்பியல் தேட வேண்டாம்.

சரிவுல பொம்மை நிக்க மாட்டேங்குது, இல்லேன்னா யாரோ மேசையைத் தட்டிடறாங்க. அப்ப அளவு?

சரிவில் நிற்க வேண்டிய இடத்தை எதிராளிக்குக் காட்டி, அங்கே ஒரு டைஸை வைத்துவிட்டு, பொம்மையைப் பக்கத்தில் சமதளத்தில் நிறுத்துங்கள். அந்தப் பொம்மைமீது சுடும்போதும் அது சுடும்போதும் டைஸ் இருக்கும் இடத்திலிருந்து அளக்க வேண்டும். பொம்மை கீழே விழுந்து உடைவதைவிட இது மேல்.

மேசை ஆடிவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து திரும்ப அடுக்க வேண்டியதுதான். முன்பு வாய்விட்டுச் சொன்ன தூரங்கள் இங்கே கைகொடுக்கும்: 12-க்கு வெளியே என்று ஒப்புக்கொண்டது 12-க்கு வெளியேதான், எங்கே உருண்டு கிடந்தாலும். யாருக்கும் நினைவில்லாத தூரம் ஒன்றின்மேல் ஆட்டமே தொங்கினால் ஒரு டைஸ் உருட்டுங்கள். 4, 5, 6 விழுந்தால் கேட்டவர் பக்கம். போட்டிகளில் நடுவரைக் கூப்பிடலாம், ஆனால் அவர் வரும்வரை இரண்டு பேரும் பொம்மையைத் தொடக்கூடாது.